மணலில் இல்லாத கண்ணாடி

ஆயாம்மாவுக்கு மணலைக் கண்டால் ஆகாது. மழலையர் பள்ளியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு வரக்கூடாத வியாதிதான், வந்துவிட்டது, என்ன செய்ய? பிள்ளைகளைப் பிடிக்கும். மூக்கைத் துடைப்பாள், ஜட்டி மாற்றுவாள், வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் கையில் ஏந்துவாள். மணலோடு மட்டும் அவளுக்கு ஜென்மப் பகை.

பள்ளி ஒன்றும் பெரிதில்லை. மூன்று அறைகள், ஒரு நீளமான நடை, சமையலறை என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பொந்து. பின்கதவைத் திறந்தால் பத்தடிக்குப் பத்தடியில் மணல்குழி, சுற்றிலும் முழ உயரத்துக்குச் செங்கல் கட்டு. காலையில் வந்ததும் அதன் மேல் மூடியிருக்கும் தார்பாயை உருவ வேண்டும். மணலைக் கிளறி, குச்சி, குப்பை கிடக்கிறதா என்று சல்லடை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வாளி தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்தரை மணிக்குப் பிள்ளைகள் இறங்குவார்கள், பதினொன்றேகாலுக்கு ஏறுவார்கள். இருபது பிள்ளைகள் என்றால் நாற்பது கால், நாற்பது கை. அத்தனையும் கழுவித் துடைத்து, தலையைத் தட்டி, சட்டையை உதறி உள்ளே அனுப்பினால், காதுக்குள் மிச்சம் வைத்திருந்த மணலை மதியத் தூக்கத்தில் பாயில் கொட்டுவார்கள். ஒரு நாள் அவள் குடிக்கிற டீயிலேயே கிடந்தது. சாயங்காலம் மறுபடி தார்பாயைப் போர்த்தி, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். ஐம்பத்திரண்டு வயதில், குனியும்போதெல்லாம் இரண்டு முட்டியும் ‘கடக்’ என்று எதிர்ப்பேச்சு பேச ஆரம்பித்த பிறகு, இதையெல்லாம் சிரித்த முகத்தோடு செய் என்றால் யாரால் முடியும்?

தான் பெற்ற பெண்ணைக்கூட அவள் மண்ணில் இறங்க விட்டதில்லை. புருஷன் போன கையோடு இந்த வேலைக்கு வந்தபோது பெண்ணுக்கு எட்டு வயது. அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போயும் ஆயிற்று. “என் பொண்ணு சட்டையில ஒரு கறை பார்த்திருப்பாங்களா யாராவது?” என்று இன்னும் பெருமையடித்துக்கொள்வாள். யாரும் பார்த்ததில்லைதான், பாவம் அந்தப் பெண்.

பள்ளியை நடத்துகிறவர் பெரிய டீச்சர். அவருக்கு உதவியாகப் போன வருஷம் சின்ன டீச்சர் வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து மணல்குழி ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள். துண்டும் கையுமாக நிற்கிற ஆயாம்மாவுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

“மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டுதுங்க. இதையுமா டீச்சர் நோட்டுல எழுதுவாங்க?”

“அதைத்தான் ஆயாம்மா எழுதணும். அவனைப் பாருங்க, சின்ன டம்ளர்ல அள்ளி அள்ளி பெரிய டம்ளரை நிரப்பறான். மூணு தடவை ஊத்தினா நிறையும்னு தெரிஞ்சுக்கிட்டான். நான் போர்டுல எழுதிப் போட்டா புரியுமா? ஈர மணல் நிக்குது, காஞ்ச மணல் சரியுது, அதையும் அவங்களே கண்டுபிடிக்கிறாங்க. தோண்டறப்ப மணிக்கட்டுக்கு, விரலுக்கெல்லாம் பலம் வருது. அந்தக் கைதானே நாளைக்குப் பென்சில் பிடிக்கணும். ஒரு வாளிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க, அப்புறம் அவங்களே பேசித் தீர்த்துக்கறாங்க. எல்லாத்தையும் அவங்களே கத்துக்கறாங்க ஆயாம்மா.”

“கால் கழுவறதை மட்டும் கத்துக்க மாட்டேங்கறாங்களே” என்றாள் ஆயாம்மா.

சின்ன டீச்சர் சிரித்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் மொட்டு வந்தாள். நாலு வயது நெருங்குகிற பெண். அவள் அம்மா தையல் கம்பெனியில் காஜா எடுப்பவள். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற விரல்கள் அம்மாவுக்கு, மகளுக்கோ விரல் பிரியவே பிரியாது. இரண்டு கையையும் எப்போதும் இறுக மூடியே வைத்திருப்பாள். பந்தைக் கொடுத்தால் நழுவும், கலர் பென்சிலைக் கொடுத்தால் விழும். பேச்சும் அதே கதைதான். உள்ளே ஏதோ இருந்தது, வெளியே வரவில்லை. அந்த மூடிய கையைப் பார்த்துத்தான் சின்ன டீச்சர் ‘மொட்டு’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் மொட்டு செங்கல் கட்டின் மேல் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வாரம் ஒரு விரலை மணலில் வைத்தாள். வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரல், பிறகு உள்ளங்கை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், டம்ளரில் ஈர மணலை அள்ளித் தட்டி, அப்படியே கவிழ்த்து, மெதுவாக டம்ளரைத் தூக்கினாள். மணல் சரியாமல் நின்றது. மொட்டு அதையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ஆயாம்மாவை நிமிர்ந்து பார்த்து, “இன்னும்” என்றாள்.

பள்ளியில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“இன்னுமா? கிழிஞ்சது போ” என்று சொல்லிக்கொண்டே ஆயாம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். மணலோடு பகையாளியாக இருந்தவள் அன்றைக்குச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறு யார் ஊற்றினாலும் மொட்டு ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆயாம்மாதான் ஊற்ற வேண்டும். அடுத்த மாதம் அவள் தடித்த கலர் பென்சிலைப் பிடித்து தாளில் ஒரு கோணல் கோடு போட்டாள். அம்மாக்காரி அந்தத் தாளை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் சுவரில் ஒட்டினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஆயாம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் முட்டி டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருந்தாள். அரக்கப்பரக்கக் கூட்டிப் பெருக்கி, கதவைப் பூட்டி, ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் தார்பாய் மூடாதது ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். டோக்கன் போய்விடும். ஒரு ராத்திரிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

அந்தத் தெருவின் பூனைகளுக்கு அவ்வளவு பெரிய மணல்குழி வேறெங்கே கிடைக்கும்? காலையில் வந்து பார்த்தபோது ஒரு இடம் பாக்கியில்லை. பூனை அசிங்கம் பண்ணிவிட்டால் மணல் முழுவதையும் வெளியே எடுத்து, அலசி, காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. அது போகட்டும், இப்படி நடப்பது மூன்றாவது தடவை. போன தடவையே பெரிய டீச்சர், “இன்னொரு வாட்டி தார்பாயை மறந்தீங்கன்னா நான் வேற ஆள் பார்க்க வேண்டியதுதான் ஆயாம்மா” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மண்வெட்டியோடு நின்றபோது பின்கதவு திறந்தது. அம்மா சீக்கிரமே விட்டுவிட்டுப் போன மொட்டு ஓடி வந்தாள், பின்னாலேயே பெரிய டீச்சர். மொட்டு நேராகப் போய் இரண்டு கையையும் மணலுக்குள் விட்டாள்.

“கையை எடு” என்று ஆயாம்மா பாய்ந்து அவளைத் தூக்கினாள்.

“என்ன ஆச்சு?” என்றார் பெரிய டீச்சர்.

ஆயாம்மா சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

“கண்ணாடி டீச்சர். மணல்ல கண்ணாடி கிடக்கு. பக்கத்து மாடியில ஜன்னல் மாட்டறாங்கல்ல, அங்கேருந்து விழுந்திருக்கும்.”

சொன்ன பொய்க்குக் கை கால் முளைக்க வேண்டாமா? மொட்டுவின் மூடிய கைகளைப் பிரித்து ஒவ்வொரு விரலாக, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “நல்லவேளை, கிழிக்கல. உள்ள பூரா கண்ணாடி கண்ணு. கை வச்சா ரத்தம் வரும். இனிமே தொடவே கூடாது” என்று கண்ணை உருட்டிச் சொன்னாள். மொட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க, காட்டுங்க” என்றார் பெரிய டீச்சர்.

அன்று காலையில் டீ போடும்போது ஒரு கிளாஸ் கைதவறி உடைந்திருந்தது. அந்தத் துண்டுகள் சமையலறை முறத்திலேயே கிடந்தன. ஆயாம்மா உள்ளே போய் அதில் ஒன்றை எடுத்து வந்து, “இப்பத்தான் பொறுக்கி வச்சேன்” என்று நீட்டினாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான்: இன்றைக்கு மணல் விளையாட்டு வேண்டாம் என்பார்கள், நாம் சத்தமில்லாமல் அலசிப் போட்டுவிடலாம். பெரிய டீச்சர் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரே மணி நேரத்தில் பக்கத்துக் கட்டடத்துக்கு ஆள் போயிற்று. ஜன்னல் மாட்டுகிற மனிதர் வந்து, “எங்க கண்ணாடி எதுவும் உடையலைங்க” என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கிவிட்டுப் போனார். மறுநாள் நாலு பேர் வந்து மணலை அடிவரை வழித்து வண்டியில் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் பச்சை ரப்பர் விரிப்பு வந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் ஆயாம்மாவுக்குச் சொர்க்கம். கழுவக் காலில்லை, உதறப் பாயில்லை. முட்டிகூடக் கொஞ்சம் அடங்கிப் பேசியது.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, நடையைத் துடைத்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் விரிப்பின் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டு பழைய செங்கல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மூடியிருந்தது.

சின்ன டீச்சர் விடவில்லை. ஒரு தட்டு நிறைய அரிசியைக் கொட்டி அளையச் சொன்னாள். மொட்டு கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். மாவு பிசைந்து கொடுத்துப் பார்த்தாள், அதற்கும் அப்படியே. கலர் பென்சில் மறுபடி நழுவ ஆரம்பித்தது. ‘இன்னும்’ என்ற அந்த ஒரு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை.

“எதையும் தொடவே பயப்படறா ஆயாம்மா. நல்லா வந்துட்டிருந்த பொண்ணு. ஏன்னே புரியல.”

ஆயாம்மா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். மணல் போனதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அது பாதிதான் உண்மை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மூன்று தடவை சொல்லிவிடலாம் என்று பெரிய டீச்சர் அறை வரை போனாள். ஒவ்வொரு தடவையும் ‘வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்’ என்பது காதில் விழும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனி எந்த வாசலில் போய் நிற்பது? “பினாயில் தீர்ந்துடுச்சு டீச்சர்” என்று எதையாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். மூன்றாவது பினாயில் வந்தபோது பெரிய டீச்சரே, “குடிக்கிறீங்களா என்ன?” என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் என்றால் முன்னே பின்னே இருக்கும், தானாகச் சரியாகும் என்று தனக்குத் தானே பூசி மெழுகிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்து வாசலில் குவித்திருந்த மணலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஜன்னல் மாட்டும் மனிதர் ஒரு நாள் எதிரே வந்தார். அவள் தெருவையே கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மூன்று மாதம் இப்படி ஓடியது.

பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசுகிற நாள் வந்தது. ஆயாம்மா டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது மொட்டுவின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள். புடவையில் அங்கங்கே நூல் ஒட்டியிருந்தது.

“இப்பவே பெரிய பள்ளிக்கு அனுப்பறது கஷ்டம்மா” என்று பெரிய டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். “பென்சில் பிடிக்கல. பேரைக் கேட்டா சொல்லல. இன்னும் ஒரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும். ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.”

“நடுவுல நல்லா வந்தா டீச்சர். மணல் இருந்தப்ப” என்றாள் சின்ன டீச்சர் மெதுவாக.

“யாரையும் சொல்லி என்ன டீச்சர். தப்பு என் மேலதான்” என்றாள் மொட்டுவின் அம்மா. “காலையில இங்க விட்டா சாயங்காலம்தான் பார்க்கறேன். வீட்டுக்குப் போனாலும் சமையல், துணி. கூட உக்காந்து சொல்லிக் கொடுக்கறதில்ல. நான் சரியா இருந்திருந்தா அவ இப்படி ஆகியிருக்க மாட்டா.”

தட்டில் இருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தான் செய்த பாவத்துக்கு இன்னொருத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதையும் டீத்தட்டு ஏந்திக்கொண்டு கேட்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“நீ இல்லம்மா” என்றாள். “நான்.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“மணல்ல கண்ணாடியே கிடக்கல டீச்சர். பூனை அசிங்கம் பண்ணியிருந்துச்சு. நான் தார்பாய் மூடாம போயிட்டேன். நீங்க வேலையை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயந்து பொய் சொன்னேன்.” தட்டை மேஜை மேல் வைத்தாள். “நான் காட்டினது இந்த செட்டு கிளாஸ்தான். எண்ணிப் பாருங்க. ஆறுக்கு அஞ்சுதான் இருக்கு.”

பெரிய டீச்சர் எண்ணவில்லை. “பூனைன்னே சொல்லியிருக்கலாமே ஆயாம்மா” என்றார்.

“சொல்லியிருந்தா?”

பெரிய டீச்சர் டீத்தட்டை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். தான் விட்ட மிரட்டல் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மொட்டுவின் அம்மா கத்துவாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று ஆயாம்மா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“போன வாரம் அவளை அடிச்சேன் ஆயாம்மா. பென்சிலை வேணும்னே கீழ போடறான்னு நினைச்சேன். அந்தக் கையிலயே அடிச்சேன்.”

இதற்கு அவள் நாலு அறை அறைந்திருந்தால் ஆயாம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மணல் வரட்டும்” என்றார் பெரிய டீச்சர். “அதுவரைக்கும் வேலைக்கு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.” அன்று சாயங்காலமே ஆயாம்மா பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். ஜன்னல் வேலை முடிந்து அந்த மனிதர் முந்தாநாளே கிளம்பிவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்க நினைத்த மன்னிப்பு அவளிடமே தங்கிவிட்டது.

மணல் வந்தது. ஆயாம்மா இரண்டு நாள் ஒருத்தியாகவே அவ்வளவையும் சலித்தாள். உதவிக்கு வந்த சின்ன டீச்சரைக் கிட்டேயே விடவில்லை. மூன்றாம் நாள் பத்தரை மணிக்குப் பின்கதவைத் திறந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு குதித்தார்கள். மொட்டு மட்டும் செங்கல் கட்டு வரை வந்து நின்றுகொண்டாள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

“வா மொட்டு, உனக்காகத்தான் மணல் வந்திருக்கு” என்று சின்ன டீச்சர் கூப்பிட்டாள்.

மொட்டு அவளைப் பார்க்கவில்லை. ஆயாம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“கண்ணாடி” என்றாள். தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல்.

மணல் இல்லாததால் பிள்ளை வாடிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், ஆயாம்மாவும்தான். அரிசித் தட்டிலும் மாவு உருண்டையிலும் அந்தப் பிள்ளை என்னத்தைக் கண்டு பயந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆயாம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அது நம்பியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற ஆயாம்மா பொய் சொல்வாளா?

ஆயாம்மா செங்கல் கட்டைத் தாண்டி உள்ளே இறங்கி மண்டியிட்டாள். இரண்டு முட்டியும் சத்தம் போட்டன. புடவை நனைவதைப் பார்க்காமல், இரண்டு கையையும் முழங்கை வரை மணலுக்குள் விட்டு அளைந்தாள்.

“கண்ணாடி இல்ல தங்கம். அன்னிக்கும் இல்ல. ஆயா பொய் சொன்னேன்.”

மொட்டு அசையவில்லை. ஆயாம்மா கைகளை உருவி, மணலோடு அப்படியே அவள் முன்னால் நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. ஆயாம்மாவின் வலது கையைப் பிடித்து, கட்டை விரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. அன்றைக்கு ஆயாம்மா பார்த்த அதே மாதிரி. ஐந்து விரலும் முடிந்ததும் இடது கையைக் கேட்டது.

அன்று மொட்டு மணலைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு விரலை வைத்து எடுத்துக்கொண்டாள். இப்போது மறுபடி டம்ளரைக் கவிழ்க்கிறாள், தண்ணீர் கேட்கிறாள், கோணல் கோடு போடுகிறாள். பெரிய பள்ளி ஒரு வருஷம் தள்ளிப் போனது போனதுதான். ‘மத்ததை’ப் பற்றிப் பெரிய டீச்சர் இன்னும் பேச்செடுக்கவில்லை, ஆயாம்மாவும் கேட்கவில்லை.

ஆனால் தினமும் பத்தரை மணிக்கு முதலில் ஆயாம்மாதான் இறங்க வேண்டும். மண்டியிட்டு, முழங்கை வரை கையை விட்டு, எடுத்து நீட்ட வேண்டும். மொட்டு பத்து விரலையும் ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகுதான் தன் கையைத் திறப்பாள். பார்க்காமலே அவள் இறங்குகிற நாள் இன்னும் வரவில்லை.